எந்த யோகா என்று எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யோகா தினத்துக்காக ஜூன் 21 அன்று நீங்கள் வெளியிட்ட நான்கு பக்க இணைப்பை வரி விடாமல் படித்தேன். படங்களும் அச்சும் அருமை. "தினமும் யோகா செய்தால் முதுகுவலி தீரும், இரத்த அழுத்தம் குறையும், மனம் அமைதியாகும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். சரி, எந்த யோகா? யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது? நான்கு பக்கத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு வரிகூட இல்லை. முதல் பக்கத்தில் ஒரு இளைஞர் சிரசாசனத்தில் நிற்கிற படம். எங்கள் தெருவில் கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெரியவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நாளையிலிருந்து நானும் சுவத்துல சாஞ்சு நின்னு பார்க்கப் போறேன்" என்றார். அன்று ராத்திரியே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், யோகா பழகியவர்களைச் சிரசாசனத்தில் நிற்க வைத்து அளந்து பார்த்தே 2006-ல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். கண் நன்றாக இருப்பவருக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. ஏற்கெனவே பிரஷரால் கண் நரம்பு பாதித்தவருக்கு அப்படியா? சிரசாசனத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெரியவருக்கு அது வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு படத்துக்குக் கீழே ஒரு வரி போதும்.

இதை எனக்கு எழுதத் தோன்றியதற்கு என் உடம்பே காரணம். நான் 28 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவன், பெரும்பாலும் திருநெல்வேலி - பாபநாசம் தடம். ஒரு பக்கம் இன்ஜின் சூடு, நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே, இடது கால் கிளட்ச்சை மிதித்து மிதித்து, கடைசி வருஷங்களில் இடுப்பிலிருந்து அந்தக் கால் வழியாக மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி இறங்க ஆரம்பித்தது. காட்டிய டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, சீட்டின் கடைசியில் 'யோகா' என்று ஒரு வார்த்தையும் எழுதினார். என்ன யோகா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருந்ததோ அதில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நாற்பது பேர் இருந்தோம். மைக்கில் எண்ணிக்கை சொல்வார்கள். முதல் நாளே சூரிய நமஸ்காரம் 12 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு தடவை முழங்கால் மடங்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும், ஆக 24 தடவை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் தண்ணீர் மாதிரி வளைந்தார்கள், நானும் விடக்கூடாது என்று குனிந்தேன். நாலாம் நாள் குனிந்தவன் நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தபோது இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் எல்4-எல்5 என்கிற இடத்தில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள்.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. நாம் குனியும்போது முதுகெலும்பு வளையங்களின் முன்பக்கம் நெருங்கும், நடுவில் இருக்கிற ஜவ்வு பின்பக்கமாகத் தள்ளப்படும், காலுக்குப் போகிற நரம்பும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் உட்கார்ந்தே வேலை பார்த்தவனுக்குத் தொடையின் பின்தசை சுருங்கிக் கயிறு மாதிரி இறுகியிருக்கும். அவன் முழங்காலை நீட்டியபடி குனிந்தால் இடுப்பு மடங்காது, முதுகுதான் மடங்கும். எனக்கு நடந்தது இதுதான். அந்த மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது தப்பான யோகா என்று சொல்ல மாட்டேன், அந்தப் பையன்களுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் சேர்த்துக்கொள்ளும்போது, என்ன வேலை பார்க்கிறீர்கள், எங்கே வலிக்கிறது என்று என்னிடம் கேட்டிருக்கலாம். மாதக் கட்டணம் எவ்வளவு என்பது மட்டும்தான் பேச்சாக இருந்தது.

அப்புறம் ஒரு நண்பர் சொல்லித்தான் அரசு மருத்துவமனையிலேயே யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே இருப்பவர்கள் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருஷம் இதற்காகவே படித்த டாக்டர்கள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென்று அரசுக் கல்லூரியே 2000-லிருந்து நடக்கிறது. என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கால் மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார். வலி காலில் இறங்குகிறதா, எந்த விரல் வரைக்கும், இருமினால் கூடுகிறதா, சர்க்கரை உண்டா, பிரஷர் மாத்திரை என்ன, ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா, ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். முதல் இரண்டு வாரம் ஆசனம் என்று எதுவுமே கிடையாது. மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை ஒரு நாற்காலி மேல் வைத்துக்கொண்டு மூச்சை எண்ண வேண்டும், அவ்வளவுதான். பிறகு குப்புறப் படுத்து மகராசனம், பாம்பு படமெடுக்கிற மாதிரி நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனம் பாதி உயரத்துக்கு, அப்புறம் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம். குனிகிற பேச்சே நாலாவது மாதம்தான் வந்தது, அதுவும் ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு. இன்றைக்கு வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரேஷன் கடைக்கு நடந்து போய் வருகிறேன், பேரனைத் தூக்குகிறேன், வலி மாத்திரை தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"ஏம்மா, நாற்காலி, சுவர், பெல்ட் எல்லாம் வச்சுச் செய்றோமே, இதுக்கு என்ன பேரு?" என்று ஒருநாள் கேட்டேன். இது பி.கே.எஸ். ஐயங்கார் காட்டிய வழி என்றார். அதிலிருந்துதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் அந்த ஐயங்காரின் குரு திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

கிருஷ்ணமாச்சாரியார் 1888-ல் கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் 1933-லிருந்து யோகசாலை நடத்தினார். அங்கே மாணவர்களில் நிறையப் பேர் சின்னப் பையன்கள். அவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது துள்ளிக் குதித்து, மூச்சுக்கு ஒரு அசைவு என்று வேர்க்க விறுவிறுக்கச் செய்கிற முறை. அதைப் பிடித்துக்கொண்டு வளர்த்தவர் அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ், இன்றைக்கு உலகம் முழுக்க அஷ்டாங்க வின்யாசம் என்று போகிறது. கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர்தான் ஐயங்கார். 1918-ல் விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன சமயத்தில் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசம் என்று வரிசையாகப் பட்டு நோஞ்சானாக வளர்ந்த பிள்ளை. பிறகு புனேயில் குடியேறி, கட்டை, கயிறு, நாற்காலி, தலையணை எல்லாவற்றையும் கொண்டுவந்து, வளையாத உடம்பும் சரியான நிலையில் நிற்க வழி பண்ணினார். மைசூர் யோகசாலை 1950-ல் மூடிய பிறகு கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இங்கே அவரிடம் வந்தவர்களில் நோயாளிகளும் குடும்பஸ்தர்களும் அதிகம். அவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, அவரவர் உடம்புக்கும் வயசுக்கும் ஏற்றபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் சென்னையில் அந்த வழியில்தான் நடக்கிறது. கிருஷ்ணமாச்சாரியார் நூறு வயது வாழ்ந்து 1989-ல் சென்னையிலேயே காலமானார்.

ஆசிரியர் அவர்களே, ஒரே குரு, பையன்களுக்குக் குதிக்கச் சொன்னார், நோயாளியைப் படுக்கச் சொன்னார். அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு 'யோகா' என்ற ஒரு சொல்லை மட்டும் நாம் எழுதிக்கொண்டிருந்தால் என்னைப் போல இன்னும் எத்தனை பேர் ஆட்டோவில் ஏறப் போகிறார்களோ என்றுதான் எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

எங்கள் குடும்பத்திலேயே இப்போது நான்கு பேர் நான்கு விதமாகச் செய்கிறோம். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, வயது 31. அவன் போவது அந்த அஷ்டாங்க வின்யாசத்துக்கு. விடிவதற்கு முன்னாலேயே ஒன்றரை மணி நேரம், ஆசனங்களின் வரிசை மாறவே மாறாது, சட்டை நனைந்துவிடும். சனிக்கிழமை விடுமுறை, அமாவாசை பௌர்ணமிக்கும் விடுமுறை. ஒரு வருஷத்தில் தொப்பை இறங்கியது, கை கால் இறுகியது, அதைவிட முக்கியமாக அந்த ஒன்றரை மணி நேரம் போன் தொடாமல் இருக்கப் பழகினான். அவன் வயதுக்கு அது சரி. (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்ன அஷ்டாங்கம் என்பது இயமம், நியமம் என்கிற ஒழுக்கங்களில் தொடங்கித் தியானம், சமாதி வரை போகிற எட்டுப் படிகள், திருமூலரும் அந்த எட்டைத்தான் தமிழில் பாடியிருக்கிறார். அதில் ஆசனம் மூன்றாவது படி, ஒரே ஒரு படி.)

என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். அவள் செய்வது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் 1911-ல் பிறந்து, தறியில் உட்கார்ந்து பிழைத்த மனிதர் என்பதாலோ என்னவோ, உழைத்துக் களைத்த உடம்புக்கு என்ன முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, உடம்பைத் தேய்த்துவிடுதல், கடைசியில் ஓய்வு. எதிலும் உடம்பை வருத்தி வளைப்பது கிடையாது, புடவை கட்டிக்கொண்டே செய்யலாம். அதைவிட எனக்குப் பிடித்தது அகத்தாய்வு, அதாவது தன் மனதைத் தானே ஆராய்ந்து பார்ப்பது. சினம் தவிர்த்தல் பாடத்தில் யார் யார் மேல் கோபம் வருகிறது, எதற்கு வருகிறது என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். அவள் எழுதிய தாளில் என் பெயரும் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் காட்டினாள், உட்கார்ந்து நிறையப் பேசினோம், முப்பத்தைந்து வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினோம். யோகாவால் மனதுக்கு என்ன பலன் என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் சொல்வேன்.

என் அக்காவுக்கு அத்தான் போனதிலிருந்து தூக்கமே இல்லை. அவளுக்கு ஆசனம் எதுவும் வேண்டாம் என்று டாக்டரம்மா யோக நித்திரை சொல்லிக்கொடுத்தார். சவாசனத்தில் படுத்துக்கொண்டு, வலது கைப் பெருவிரல், அடுத்த விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று சொல்லச் சொல்ல மனதை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோக வேண்டும். உடம்பு முழுக்க ஒரு சுற்று வர அரை மணி நேரம். "தூக்கம் வரலேன்னாலும் அலுப்பு தீருதுடா தம்பி" என்று அக்கா சொன்னாள், ஒரு மாதம் போனபிறகு தூக்கமும் வந்தது.

இந்த யோக நித்திரையை இப்போதுள்ள வடிவில் பரப்பியவர் பீகாரில் முங்கேரில் யோகப் பள்ளி நடத்திய சத்தியானந்தர். அவருடைய குரு யார் என்று பார்த்தால் ரிஷிகேசம் சிவானந்தர். அந்தச் சிவானந்தர் பிறந்தது எங்கே? எங்கள் பத்தமடையில்! 1887-ல் குப்புசாமி என்ற பெயரில் அங்கே பிறந்து, மருத்துவம் படித்து, மலேயாவில் பத்து வருஷம் டாக்டராக இருந்துவிட்டுச் சாமியாராகி இமயமலைப் பக்கம் போனவர். பத்தமடை என்றால் கோரைப் பாய் என்றுதான் எனக்குத் தெரியும். 28 வருஷம் அந்த ஊர் நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி ஆள் ஏற்றியிருக்கிறேன், ஒரு நாளும் இது தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவருடைய இன்னொரு சீடர் விஷ்ணுதேவானந்தர் வெளிநாடுகளில் பரப்பிய சிவானந்த யோகாவில் 12 ஆசனங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் நடுவில் படுத்து ஓய்வு எடுக்க வேண்டும். அவசரம் கிடையாது. நாற்பது, ஐம்பது வயதில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, பெரிய நோய் எதுவும் இல்லையென்றால், இது நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். இன்னொரு சீடர் சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ச் செட்டிப்பாளையத்துக்காரர், 1969-ல் அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். இவ்வளவும் நம் மண்ணிலிருந்து போனவை, நம் பத்திரிகைகளில் இதை விரிவாகப் படித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

சூடேற்றிய அறையில் 40 டிகிரி வெப்பத்தில் 26 ஆசனங்கள் செய்கிற முறையும் பெரிய ஊர்களில் வந்திருக்கிறதாம். குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பிடித்திருக்கலாம். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மூச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒருநாள் வீரவநல்லூர் தாண்டி ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டில் குறுக்கே வந்துவிட்டது. வண்டி ஒரு முழம் முன்னால் நின்றது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் மாதக்கணக்கில் தூக்கத்தில் என் வலது கால் பிரேக்கை மிதிக்கும், நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மருந்து, கோயில், எதிலும் அடங்கவில்லை. அந்தப் படபடப்பு அடங்கியது மூச்சில்தான். உள்ளே இழுக்க நாலு எண்ணிக்கை, வெளியே விட ஆறு எண்ணிக்கை, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, பத்து நிமிஷம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும், இது எல்லோருக்கும் இயற்கையாகவே நடப்பது. விடுகிற நேரத்தை நீட்டினால் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பு வேலை செய்து துடிப்பைத் தணிக்கிறது என்று டாக்டரம்மா நாடியில் என் விரலை வைத்தே காட்டினார். அதே மூச்சிலேயே எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கபாலபாதி என்று வயிற்றை உதறி உதறி வேகமாக மூச்சு விடுவதை டிவியில் பார்த்துவிட்டு எல்லோரும் செய்கிறார்கள். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அதைச் செய்யவே கூடாது. பிரஷர் மாத்திரை நான் இன்னும் சாப்பிடுகிறேன், அளவைக் குறைத்ததும் டாக்டர்தான். யோகா செய்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வாதத்தில் விழுந்த ஒரு சக ஓட்டுநரை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடி முதுகுவலிக்கு யோகா நல்லது என்பதற்குச் சான்று இருக்கிறது, மறுக்கவில்லை. அமெரிக்காவின் பொது மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்னால் முயற்சி செய்ய வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்திருக்கிறார்கள். அதே வருஷம் 320 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வில் யோகா பிசியோதெரபிக்குச் சளைத்ததல்ல என்று வந்தது. ஆனால் அந்த ஆய்வில் செய்தது முதுகுவலிக்காரர்களுக்கென்றே அமைத்த மெதுவான பயிற்சி, 12 வாரம். மைக்கில் எண்ணிச் சொல்கிற சூரிய நமஸ்காரம் கிடையாது. அதை விட்டுவிட்டு 'யோகா நல்லது' என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த தடவை இணைப்பு போடும்போது ஒவ்வொரு ஆசனப் படத்துக்கும் கீழே இதை யார் தவிர்க்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். எந்த முறை என்று பெயர் சொல்லுங்கள். இருபது வயதுக்காரர் படத்தோடு, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற எழுபது வயது ஆச்சி படமும் ஒன்று வரட்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் யோகா மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார் என்ற தகவல் ஒரு கட்டத்தில் இருந்தால் எத்தனையோ பேருக்கு உதவும். வகுப்பில் சேரப் போகிறவர்களும், மாஸ்டர் உங்கள் நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பாய் விரிக்கச் சொன்னால், தயங்காமல் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கண் பிரஷர் பெரியவரிடம் மறுநாளே போய்ப் பேசிவிட்டேன். முதலில் கேட்கவில்லை, பேப்பரில் போட்டிருக்கிறானே என்றார். கண் டாக்டரிடம் கூட்டிப்போய் அவர் வாயால் சொன்னபிறகுதான் விட்டார். இப்போது காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என்னோடு உட்கார்ந்து, மூச்சை அடக்காமல், ஒரு மூக்கு மாற்றி ஒரு மூக்கில் மெதுவாக மூச்சு விடுகிற நாடிசுத்தி மட்டும் செய்கிறார். முடித்ததும் உங்கள் பேப்பரைத்தான் கையில் எடுக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
அம்பாசமுத்திரம்.